ஒரே தொட்டியில் போட்டால் யார் பிரிப்பார்?

அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்தில் இருக்கும் என் தம்பி மகள், போன மாதம் காணொளி அழைப்பில் தன் புது வீட்டைச் சுற்றிக் காட்டினாள். சமையலறை, மாடி, பின்கட்டு எல்லாம் முடிந்து கடைசியில் வாசலுக்கு வந்தாள். அங்கே சின்னக் குதிர் அளவுக்கு ஒரு நீலத் தொட்டி, அடியில் சக்கரத்தோடு நின்றது. "காகிதம், பாட்டில், டின், அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் இந்த ஒன்றிலேயே போட்டுவிடலாம் பெரியப்பா. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வண்டி வரும். அவர்களே பிரித்துக்கொள்வார்கள்" என்றாள்.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "அவர்கள் என்றால் யார், அம்மணி?"

பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. கோவையில் நாற்பது வருடமாகக் குப்பை போடுகிறேன். அது வாசலைத் தாண்டிய பிறகு என்ன ஆகிறது என்று உட்கார்ந்து யோசித்ததே இல்லை. மனைவியின் கேள்விக்காகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த ஏற்பாட்டுக்கு ஆங்கிலத்தில் சிங்கிள் ஸ்ட்ரீம் என்று பெயர். நாம் ஒரே தொட்டி முறை என்று வைத்துக்கொள்ளலாம். பெயரைக் கேட்டுவிட்டு, வீட்டுக் குப்பை முழுவதும் ஒரே தொட்டியில் என்று நினைத்துவிடக் கூடாது. சோறு, காய்கறித் தோல், மற்ற கழிவுகளுக்கு வேறு தொட்டிகள் இருக்கின்றன. மறுசுழற்சிக்குப் போகிற பொருள்களுக்குள்தான் இந்த ஒற்றுமை. அதற்கு முன்பு அந்த ஊர்களில் காகிதம் ஒரு கூடை, பாட்டிலும் டின்னும் இன்னொரு கூடை என்று தனித்தனியாக வைத்தார்கள். வண்டியிலும் தனித்தனி அறைகள் இருந்தன. ஆள் இறங்கிக் குனிந்து எடுத்துப் போட வேண்டும். 1990-களில் கலிபோர்னியாவில் ஒரே தொட்டி முறை பரவத் தொடங்கியது. ஆஸ்டினுக்கு 2008-இல் வந்தது.

மாற்றியதற்கு முதல் காரணம் செலவு. வண்டியிலேயே இயந்திரக் கை இருக்கிறது. அது தொட்டியைப் பிடித்துத் தூக்கிக் கவிழ்த்துவிடும். ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. ஒரே ஆள், ஒரே அறை, உள்ளே அமுக்கி அமுக்கி ஏற்றலாம். இன்னொரு காரணம் மனிதச் சோம்பல். பிரித்து வையுங்கள் என்றால் பத்துப் பேரில் சிலர் வைப்பார்கள். எல்லாவற்றையும் இதில் போடுங்கள் என்றால் கூடுதலானவர்கள் போடுவார்கள். நகராட்சிகள் எதிர்பார்த்தபடி சேரும் பொருளின் எடை கூடியது. அதோடு வேறொன்றும் கூடியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது என் மனைவியின் கேள்வி. அந்த வண்டி நேராகப் பொருள் மீட்பு மையம் என்ற பெரிய கொட்டகைக்குப் போகிறது. நம் பேரூராட்சிகளில் வளம் மீட்புப் பூங்கா என்று பலகை வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் இயந்திரமயமான அண்ணன் என்று சொல்லலாம். வண்டி கொட்டியதை நகரும் பட்டையில் ஏற்றுகிறார்கள். பட்டையின் இரு பக்கமும் கையுறை போட்ட ஆட்கள் நிற்கிறார்கள். தோட்டத்துக் குழாய், பழைய துணி, பிளாஸ்டிக் பை, பொம்மை, சில சமயம் குழந்தையின் அழுக்கு டயப்பர் என்று இயந்திரத்துக்குள் போகக் கூடாததை ஓடும் பட்டையிலிருந்து பறித்து எடுப்பது அவர்கள் வேலை. "அவர்களே பிரித்துக்கொள்வார்கள்" என்ற வாக்கியத்தின் முதல் "அவர்கள்" இவர்கள்தான்.

அடுத்து இயந்திரங்கள். படிக்கப் படிக்க எனக்கு நம் களத்து வேலைகள்தான் நினைவுக்கு வந்தன. முதலில் ஒரு சல்லடை. ஆனால் துளை போட்ட தகடு கிடையாது; வரிசையாக உருளும் தண்டுகள், ஒவ்வொன்றிலும் பல் வைத்த வட்டுகள், வட்டுகளுக்கு நடுவே இடைவெளி. பெரிய அட்டைப்பெட்டி வட்டுகளின் மேலேயே மிதந்து அக்கரை சேர்ந்துவிடும். சின்னவை இடைவெளியில் விழும். அடுத்த சல்லடை சாய்வாக இருக்கும். செய்தித்தாள் போலத் தட்டையானவை அதன் மேல் ஏறிப் போகும். பாட்டில், டின் போல உருண்டவை கீழே உருண்டு வரும். முறத்தில் புடைக்கும்போது பதரும் மணியும் எதிரெதிர்ப் பக்கம் போகின்றனவே, அதே சங்கதி. கண்ணாடிப் புட்டிகள் வரும் வழியிலேயே நொறுங்கிச் சில்லாகிக் கீழே கொட்டிவிடும்.

இரும்பு டின்னைப் பட்டைக்கு மேலே தொங்கும் காந்தம் இழுத்துக்கொள்கிறது. அலுமினியம் காந்தத்துக்கு மசியாது. அதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். பட்டையின் முனையில் உள்ள உருளைக்குள் காந்தங்கள் வேகமாகச் சுழல்கின்றன. அந்தச் சுழற்சி, மேலே வரும் அலுமினியக் கேனுக்குள் ஒரு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கி உருளையை எதிர்த்துத் தள்ளுகிறது. கேன் தவளை மாதிரி துள்ளி, தடுப்புக்கு அந்தப் பக்கம் விழுகிறது. மற்றவை இந்தப் பக்கமே சரிகின்றன. பள்ளிக்கூடத்தில் படித்த இயற்பியல் ஒரு குப்பைக் கொட்டகையில் இவ்வளவு ஒழுங்காக உழைப்பதை அறிந்து எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிளாஸ்டிக்கைப் பிரிப்பதற்கு ஒளி. அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சினால் ஒவ்வொரு வகைப் பிளாஸ்டிக்கும் ஒவ்வொரு விதமாகத் திருப்பி அனுப்பும். அதைப் பார்த்துக் கணினி முடிவு செய்கிறது. சரியான நொடியில் காற்று பீய்ச்சி அந்தப் பாட்டிலை மட்டும் தள்ளிவிடுகிறது. காற்றில் தூற்றுகிற வேலைதான், ஒவ்வொரு மணியாக. கடைசியில் வகை வகையாக அமுக்கிக் கட்டினால் அரை டன் அளவுக்கு ஒரு பேல். மில்காரர்களுக்குப் பஞ்சு பேல் என்றால் சொல்லித் தர வேண்டியதில்லை. இது காகித பேல், பாட்டில் பேல்.

பேல் ஆன பிறகுதான் இந்த விஷயத்தின் உயிரான பகுதி. பேலை ஒருவர் விலை கொடுத்து வாங்க வேண்டும். வாங்கினால்தான் மறுசுழற்சி. வாங்க ஆள் இல்லாவிட்டால் அது அழகாகக் கட்டிய குப்பை.

ஈரோட்டு மஞ்சள் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். விரலி தனி, கிழங்கு தனி. வியாபாரி மூட்டையில் கைவிட்டு எடுத்து, உடைத்துப் பார்த்து, பிறகுதான் விலை சொல்வார். தூசியும் கல்லும் கலந்த மூட்டைக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குப்பைக்கும் அதுவே. அமுக்கு வண்டியில் உடைந்த கண்ணாடிச் சில்லு காகிதத்துக்குள் புகுந்துவிடும். காகித மில்லின் இயந்திரத்தை அது அராவும். கழுவாத சாஸ் புட்டி ஒன்று கவிழ்ந்தால் பக்கத்தில் உள்ள செய்தித்தாள் கட்டு முழுவதும் ஊறிப்போகும். எண்ணெய் பட்ட காகிதம் கூழாகும்போது எண்ணெய் நாரை விட்டுப் போகாது. முன்பு காகிதத்துக்குத் தனிக் கூடை இருந்தபோது இந்தத் தொல்லை குறைவு. எடை கூடியதோடு கூடியது என்று சொன்னேனே, அது இந்த அழுக்குதான்.

பல வருடங்கள் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேல்கள் கப்பலேறிச் சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. அங்கே மலிவான கூலிக்கு ஆட்கள் மறுபடியும் பிரித்தார்கள். 2018-இல் சீனா கதவைச் சாத்தியது. பல வகைகளை அடியோடு தடுத்தது. அனுமதித்தவற்றிலும் வேற்றுப்பொருள் அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. நூறு கிலோவில் அரைக் கிலோ. ஒரே தொட்டியிலிருந்து வரும் காகிதத்துக்கு அது எட்டாத சுத்தம். சில அமெரிக்க ஊர்கள் திட்டத்தையே நிறுத்தின; சில இடங்களில் வாங்கிய பொருளை எரித்தார்கள். ஆக, அந்த வாக்கியத்தின் இரண்டாவது "அவர்கள்" கடலுக்கு அப்பால் இருந்திருக்கிறார்கள். அது நம் பிள்ளைக்கும் தெரியாது, அவள் பக்கத்து வீட்டாருக்கும் தெரிந்திருக்காது.

இதில் நம் பங்கும் உண்டு. உடுமலைப்பேட்டை, கோவைப் பக்கத்துக் காகித மில்கள் பல, பழைய அட்டையைக் கரைத்துப் பழுப்பு அட்டைக் காகிதம் செய்பவை. உள்ளூரில் சேர்வதோடு வெளிநாட்டிலிருந்தும் பழைய அட்டை வருகிறது. காரணம் நார். காகிதத்தின் நார் ஒவ்வொரு முறை கரைக்கும்போதும் அறுந்து குட்டையாகும்; ஐந்து முதல் ஏழு சுற்றுக்கு மேல் தாங்காது. நம் ஊர் அட்டை ஏற்கெனவே சில சுற்று வந்தது. அமெரிக்கப் பெட்டியில் பைன் மரத்தின் நீண்ட புது நார் இருப்பதால் அதற்கு மவுசு. தம்பி மகள் நீலத் தொட்டியில் போட்ட பெட்டி, சுற்றிக்கொண்டு வந்து திருப்பூரில் பனியன் அடுக்கும் பெட்டியாகி, மறுபடி அமெரிக்காவுக்கே போனாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இனி நம் வாசலுக்கு வருவோம். ஒரே தொட்டி முறை இங்கே இல்லை என்று நினைப்பவர்கள் நீலக் கூடையைப் பாருங்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லின: மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயமான வீட்டுக் கழிவு. நடைமுறையில் பச்சைக் கூடை, நீலக் கூடை என்று இரண்டுக்காவது பழகிவிட்டோம். அந்த நீலக் கூடையில் பால் கவர், பேப்பர், டின், ஷாம்பு பாட்டில், தேங்காய் எண்ணெய் டப்பா எல்லாம் கலந்துதான் கிடக்கின்றன. அது சிங்கிள் ஸ்ட்ரீமேதான். காந்தமும் அகச்சிவப்புக் கதிரும் இருக்கும் இடத்தில் இங்கே பெரும்பாலும் தூய்மைப் பணியாளர்களின் விரல்கள் இருக்கின்றன.

ஆனால் நீலக் கூடை வருவதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்பே நம்மிடம் இன்னொரு முறை இருந்தது, இன்னமும் இருக்கிறது. "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்ற கூவலைக் கேட்டு, வீட்டில் எதை உடைக்கலாம் என்று தேடிய பிள்ளைகளில் நானும் ஒருவன். பேரீச்சம்பழக்காரர் போய், இப்போது ஒலிபெருக்கி கட்டிய தள்ளுவண்டி வருகிறது. தெருமுனையில் பழைய பேப்பர் கடை இருக்கிறது. இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை நாம் சரியாக மதித்ததில்லை என்பது என் எண்ணம். இங்கே பொருள் கலப்பதே இல்லை. தமிழ் பேப்பருக்கு ஒரு விலை, ஆங்கில பேப்பருக்கு ஒரு விலை, நோட்டுப் புத்தகத்துக்கு வேறு, அட்டைக்கு வேறு, பால் கவருக்கு வேறு. விலை இருப்பதால் வீட்டுப் பெண்கள் பால் கவரை வெட்டிக் கழுவி, கொடியில் காய வைத்துச் சேர்க்கிறார்கள். இவ்வளவு சுத்தமான சரக்கு எந்த இயந்திரத்திலிருந்தும் வராது.

கடைக்காரர் வாங்காததுதான் தொல்லை. சிப்ஸ் பாக்கெட்டை எந்தக் கடையும் வாங்காது. உள்ளே பளபளவென்று மின்னுகிறதே, அது பிளாஸ்டிக்கின் மேல் பூசிய அலுமினியம். இரண்டும் ஒட்டிக்கொண்டு பிரியாது. சிமெண்ட் ஆலைச் சூளையில் எரிபொருளாகப் போவதே அதற்குப் பெரிய கதி. மற்றபடி குப்பைக் கிடங்குதான். 600 ஏக்கருக்கு மேல் பரந்த கோவை வெள்ளலூர் கிடங்கில் 2024 ஏப்ரலில் பிடித்த தீ நாள்கணக்கில் புகைந்ததை இந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஈரக் குப்பை காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும். காய்ந்த பிளாஸ்டிக் அதற்கு விறகு. இரண்டையும் சேர்த்துக் கொட்டுவது அடுப்பு மூட்டி வைப்பதற்குச் சமம்.

பிளாஸ்டிக் பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். அது இருந்தாலே மறுசுழற்சி ஆகும் என்று பலர் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். 1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழிலினர் கொண்டுவந்த அடையாளம் அது. எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டுமே சொல்கிறது. 1 என்றால் தண்ணீர் பாட்டில் வகை. அதை உருக்கி இழையாக்கலாம், பனியன் துணிவரைக்கும் வருகிறது. 2 என்றால் ஷாம்பு பாட்டில், எண்ணெய் கேன். 4 பால் கவர். 5 சாப்பாட்டுப் பார்சல் வருகிற கறுப்பு, வெள்ளை டப்பாக்கள். இந்த நான்குக்கும் வாங்குவதற்கு ஆள் உண்டு. 3 குழாய் வகை, 6 தெர்மாக்கோல், 7 மற்றதெல்லாம் என்று ஒரு மூட்டை. 7-ஐ நம்பி எதையும் சேர்த்து வைக்காதீர்கள்.

பிரித்தால் என்ன லாபம் என்று கேட்பவர்களைத் திருப்பூருக்கு அனுப்புவேன். என் மச்சான் அங்கே பனியன் வேஸ்ட் குடோன் வைத்திருக்கிறார். துணி வெட்டும்போது விழும் துண்டுகள் மூட்டை மூட்டையாக வரும். பெண்கள் தரையில் உட்கார்ந்து வெள்ளை, கறுப்பு, நீலம் என்று நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். பஞ்சு தனி, பாலியெஸ்டர் கலந்தது தனி. இப்படிப் பிரித்ததை மறுபடி பஞ்சாக்கிப் புதுநூல் நூற்கிறார்கள். நீலத் துண்டிலிருந்து நீல நூலே வரும். மறுபடி சாயம் போட வேண்டாம். நொய்யல் ஆற்றில் கலக்கும் சாயத் தண்ணீர் அவ்வளவு குறையும். கலந்து கிடந்தால் அதே துண்டு, தரை துடைக்கிற வேஸ்ட் துணிதான். "மூட்டையில் ஒரு கிரீஸ் துணி இருந்தால் போதும், முழு மூட்டையும் போச்சு மாப்பிள்ளை" என்பார். ஆஸ்டின் கொட்டகைக்காரரும் இதைத்தான் அவர் பாஷையில் சொல்லிக்கொண்டிருப்பார்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. மக்காத குப்பை காய்ந்திருக்க வேண்டும். ஊறுகாய் பாட்டிலை ஒரு தடவை அலசினால் போதும். பாத்திரம் கழுவிய தண்ணீரே போதும், நல்ல தண்ணீரை வீணாக்க வேண்டாம். பள்ளிபாளையம் சிக்கன் கட்டி வந்த எண்ணெய்க் காகிதம் பச்சைக் கூடைக்கு. உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் அதுவும் கிடையாது. எதையும் ஒரே பைக்குள் திணித்து முடிச்சுப் போட்டுக் கொடுக்காதீர்கள். அவிழ்க்கிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. இயந்திரம் உள்ள ஊரில் அந்தப் பையே எமன். சுழலும் தண்டுகளில் முடி மாதிரி சுற்றிக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஆட்கள் உள்ளே இறங்கிக் கத்தியால் அறுத்தெடுக்க வேண்டும்.

பழைய போன் பேட்டரியை எந்தக் கூடையிலும் போடக் கூடாது. லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். குப்பை வண்டியில் எதற்கும் நசுங்காமல் தப்ப முடியாது. நாப்கினும் டயப்பரும் தனியாகக் காகிதத்தில் சுற்றி, பார்த்தவுடன் தெரியும்படி அடையாளமிட்டுத் தர வேண்டும். சொல்லக் கூச்சப்படுகிற விஷயம் என்பதாலேயே அது நீலக் கூடைக்குள் ஒளிந்து போகிறது.

கண்ணாடிக்கு மட்டும், கலக்காமல் வாங்குவதே நல்ல வழி என்று நினைக்கிறேன். கோலி சோடாக் காலத்திலிருந்து பாட்டிலைத் திருப்பித் தந்து பழகியவர்கள்தானே நாம். காட்டில் உடைந்து கிடக்கும் மதுப் பாட்டில்கள் யானைக் காலைக் கிழிக்கின்றன என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டில் வந்தால் அதைத் திருப்பித் தரத் தொடங்கின. பிறகு கோவைக்கும் வந்தது. பத்து ரூபாய்க்காகப் பாட்டிலை உடைக்காமல் எடுத்து வருகிறார்கள். ஒழுக்கத்தைப் பற்றி ஆயிரம் பலகை எழுதி வைத்தும் வராதது.

போன வருடம் வரைக்கும் நான் என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். ஃப்யூஸ் போன குழல் விளக்கை இரண்டாக உடைத்து, நீலக் கூடையில் பேப்பர்களுக்கு நடுவே செருகி வைத்தேன். மறுநாள் வண்டியோடு வந்த அக்கா கூடையைக் கவிழ்த்துவிட்டுக் கையை உள்ளே விட்டார். கையுறை கிழிந்து விரலில் ரத்தம். நான் மஞ்சள் தூளை எடுத்து ஓடினேன். அவர் குழாயடியில் கழுவிக்கொண்டே, "பரவாயில்லைங்க ஐயா, தினமும் நடப்பதுதான்" என்றார்.

அந்த விளக்குக்குள் பாதரசமும் இருந்திருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். இப்போது குழல் விளக்குகளை உடைக்காமல், புதிது வாங்கிய அட்டை உறையிலேயே போட்டு, மாடிப்படிக்குக் கீழே தனியாக வைத்திருக்கிறேன். அந்த அக்கா வரும்போது கூடையோடு சேர்க்காமல் கையில் கொடுக்கிறேன். தம்பி மகளிடமும் போன வாரம் பேசினேன். அவள் ஊரில் குழல் விளக்கு நீலத் தொட்டிக்குப் போகுமா என்று கேட்டதற்கு, "தெரியவில்லை பெரியப்பா, பார்த்துச் சொல்கிறேன்" என்றாள். மனைவி அலைபேசியை வாங்கி, அந்தக் கொட்டகையில் பட்டைக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கையுறை நல்லதாகக் கொடுக்கிறார்களா என்றும் சேர்த்து விசாரிக்கச் சொன்னாள்.